இரண்டு ஐந்தாம் இதழ்கள்

'திருக்கை வீரன்' பதினேழு இதழ் ஓடியபின்
அவன் கைத்தடிப் பையன் காரலுக்குத்
தனி இதழ் போடலாமென்று
சீனி உதுமான் முடிவெடுத்தது
வாசகர் கடிதங்களை நம்பி.
நாற்பத்தொரு கடிதம்.
முப்பத்தெட்டு நான் எழுதியது.

கீழக்கரை நூரியா அச்சகத்தில்
நிக்காஹ் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிறவன் நான்.
வயது பதினாறு. காரலுக்கும் அதே.
தொண்டி சகுபர், திருப்பாலைக்குடி ஜெய்லானி,
ஆர்.எஸ். மங்கலம் கோட்டைச்சாமி எல்லாரும்
என் வலது கை, இடது கை,
ஒரு புட்டி பச்சை மை.

காரலுக்குச் சக்தி ஒன்றே ஒன்று,
இருட்டில் நெஞ்சு மினுங்கும்.
பெரியவன் பெட்டகத்தை உடைக்கும்போது
பக்கத்தில் நின்று வெளிச்சம் காட்டுவான்.
பதினேழு இதழிலும் சேர்த்து
அவன் பேசியது அறுபது வார்த்தை.
கோத்தவனுக்குத் தெரியாதா.

முதல் இதழ் இரண்டாயிரம் பிரதி, விலை ஒன்றேகால்.
படம் கித்தேரி,
தங்கச்சிமடத்தில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவள்.
அலை மட்டும் வரையமாட்டாள்,
தினம் பார்ப்பதை எதற்கு என்பாள்.
அதனால் காரலின் கடல் முழுக்க வெற்றுத்தாள்.
உதுமானுக்கு மை மிச்சம்.

இரண்டாம் இதழுக்கு மதுரை ஏஜெண்ட் எழுதினார்:
அட்டையில் பெரியவன் இருந்தால்தான் கடையில் தொங்கும்.
மூன்றாம் அட்டையில் திருக்கை வீரன்
தாடையிலிருந்து முழங்கால் வரை.
காரல் அவன் கக்கத்துக்கடியில்,
விலை போட்ட வட்டம் பாதி முகத்தில்.
உள்ளே பெரியவன் வருவது ஒரே கட்டம்,
அதுவும் முதுகு.

நான்காம் இதழ் ராமநாதபுரத்தில் ரயிலேறிப் போய்
பாதி திரும்பி வந்தது.
கட்டைப் பிரிக்காமல்
அதன்மேலேயே உட்கார்ந்து உதுமான் கணக்குப் பார்த்தார்.

அந்த வாரம் ஒரு இன்லண்டு.
என் கையெழுத்து இல்லை.
மண்டபம் முகாம், வதனி, வயது பதினாலு.
'அவர் படகில் ஏறிப் போன பிறகு
காரல் இரவைக்கு என்ன சாப்பிடுவான்?
எங்கே படுப்பான்?
நீங்கள் அதைக் கீறவே இல்லை.'

கீறுவதென்றால் அக்கரையில் வரைவது
என்று கித்தேரிதான் சொன்னாள்.
சொல்லிவிட்டுப் போனவள்
ஒன்பதாம் நாள் ஐந்தாம் இதழை மேசையில் போட்டாள்.

முப்பத்திரண்டு பக்கம். வில்லன் கிடையாது.
பையன் அரிசி களைகிறான்.
மண்ணெண்ணெய் தீர்ந்துபோகிறது.
சட்டையைக் கழற்றி
தன் நெஞ்சு வெளிச்சத்தில்
உலை கொதித்ததா என்று குனிந்து பார்க்கிறான்.
ரெண்டு தட்டு எடுக்கிறான்.
கொஞ்சநேரம் நிற்கிறான்.
ஒன்றைத் திரும்ப அடுக்குகிறான்.
எனக்கு வேலையே இல்லை,
பக்க எண் மட்டும் கோத்தேன்.

விற்றது நூற்றுப் பன்னிரண்டு.
ஏஜெண்ட் தந்தி அடித்தார், இதென்ன சமையல் புத்தகமா.
உதுமான் அந்த ஐந்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.
அடுத்த மாதம் இன்னொரு ஐந்து வந்தது.
பெரியவன் திரும்பி வந்து தோளில் தட்டுகிறான்,
இருவரும் கடத்தல்காரனைப் பிடிக்கிறார்கள்.
படம் மதுரையில் யாரோ.
அலையெல்லாம் பிரமாதம்.
ஆறு வரவில்லை.

இப்போது சேகரிக்கிறவர்கள் போன் செய்து
எந்த ஐந்து அசல் என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.
நான் எழுதாத மூன்று கடிதத்தில்
இரண்டு கித்தேரியுடையது.
மூன்றாவதில் எல்லா 'ழ'வும் வலப்பக்கம் சாயும்,
அச்சகப் பேரேட்டில் சாய்வதுபோலவே.
உதுமானிடம் அதை நான் கேட்டதில்லை.

முதல் ஐந்தில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு
உச்சிப்புளி பஸ்ஸில் நின்றபடி
முகாம் வாசலுக்குப் போனேன்.
காவலாளி பட்டியலைப் புரட்டினார்.
'நாலு வதனி இருக்கு தம்பி, எந்த வதனி?'
நாலு பேருக்கும் கொடுங்கள் என்றேன்.
மேலே இருந்ததை எடுத்து
நின்றவாக்கிலேயே அவர் படிக்கத் தொடங்கினார்.
அரிசி களையும் பக்கம் வரை பார்த்தேன்.
கடைசி பஸ் வந்துவிட்டது.