முப்பத்தேழாவது இழை

குளச்சல் ஏலக்கூடம், காலை நாலு நாற்பது.
வறுவேல் அண்ணன் தொண்டையில் எட்டாயிரத்து இருநூறு,
திரையில் இன்னும் ஏழாயிரத்து நானூறு.
நெய்மீன் ஒன்று. பதினொரு கிலோ.

"ஆப்பு செத்துப்போச்சா பிள்ளே?"
திருவிதாங்கோட்டிலிருந்து நசீர் போனில் கத்துகிறார்.
சாகவில்லை, அதுதான் சங்கடம்.
சாகிற புரோகிராம் நாலு வரி அலறிவிட்டுத்தான் சாகும்.
இது மூச்சு விடுகிறது,
வாய் திறக்கவில்லை.

ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து
மடியில் லேப்டாப், தொடையில் குளிர்.
ஓடுவதை நிறுத்தாமல்
ஒவ்வொரு த்ரெட்டிடமும் கேட்டேன்:
எந்த வரியில் நிற்கிறாய்?
முப்பத்தாறு பேர் ஒரே பூட்டின் வாசலில்.
சாவி உள்ளே ஒருத்தனிடம்.

அவன் நாணயமானவன்.
விலையை ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டே போனவன்
ஒரு சாக்கெட்டின் முன் நின்றுவிட்டான்.
அந்தப் பக்கம் வாங்க ஆளில்லை,
போகிறேன் என்று சொல்லவும் ஆளில்லை.
மீன்படங்கள் அடைத்துப் பஃபர் நிரம்பி
சாவியை மடியில் செருகியபடி நிற்கிறான்.
எதுவரை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.
நான் சொல்லவில்லை.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."
அரை மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு
வறுவேல் அண்ணன் மீனைக் கூடத்திலேயே முடித்தார்.
நசீர் ஒன்பதாயிரம் வரை போயிருப்பாராம்.
கிளாட்டிஸ் அக்கா என்னைத் திட்டவில்லை.
அடுத்த கூடையை இழுத்து வைத்தார், சாளை.

பிழை என்று பார்த்தால் நாலு வெற்றிடம்.
அனுப்பும் வரி பூட்டுக்குள்ளே தள்ளி நின்றது.
பெயர்களை மட்டும் உள்ளே நகலெடுத்து
அந்த வரியை வெளியே இழுத்தேன்.
சாக்கெட்டுக்கு மூன்று நொடிக் கெடு.
மூணு தரம். வராதவன் வரவில்லை,
மூடு, அடுத்தவன்.

திரை ஓடத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன்
அந்த ஊமை வாடிக்கையாளரின் பெயரை:
சோதனை ஒன்று.
தக்கலையில், என் அறையில்,
ராத்திரி ஒரு மணிக்கு சார்ஜ் தீர்ந்து
தலையணைக்கு அடியில் கிடக்கும்
என் பழைய போன்.

கிளாட்டிஸ் அக்காவுக்கு எண்ணூறு ரூபாய் அனுப்பினேன்,
காரணமும் எழுதினேன்.
வெளியே விடிந்து
ஐஸ் லாரிகள் பின்வாங்கிக்கொண்டிருக்கின்றன.
அக்கா கூடைகளுக்கு நடுவில் நிற்கிறார்,
போன் அவர் சேலை முடிச்சில்.
பார்த்தாரா தெரியாது.
ஐஸ்பெட்டியைவிட்டு எழாமல் நிற்கிறது என் காலை.
இதற்கு எத்தனை நொடி வைப்பது?