ஒரு வருடத்துப் புண்

சாலக் என்பார்கள் இங்கே.
சால் என்றால் ஆண்டு.
ஓர் ஆண்டு கன்னத்தில் குடியிருந்துவிட்டு
வாடகைக்குத் தழும்பைக் கொடுத்துப் போகும்.

சகீதாத் ஆப்கானியன். செங்கல் சூளை.
இஸ்ஃபஹானுக்குக் கிழக்கே
எலிவளைகள் சல்லடையாய்த் துளைத்த மண்ணில்
கோடை முழுக்க வெளியே படுத்தவன்.
எப்போது கடித்தது என்று சொல்லத் தெரியவில்லை.
மணல் ஈ
பறப்பதுகூடக் கேட்காது.

வாரம் ஒருமுறை
புண்ணின் விளிம்பைச் சுற்றி ஊசி.
நாற்காலிக் கையைப் பிடிக்கச் சொன்னால்
தன் தொப்பியைப் பிடித்துக்கொள்வான்.

மாடியில் என் அறை.
குடுவைகளில் பூஞ்சை வளர்க்கிறேன்.
கெர்மானில் அப்பாவின் சீரகத்தை
வேரோடு வாட்டிய அதே இனம்.
அவர் அதைச் சபித்தார்.
நான் சர்க்கரை ஊட்டுகிறேன்.

பூஞ்சையை வடித்தெடுத்துவிட்டு
மிஞ்சிய நீரில் வெள்ளி உப்பைக் கலந்து
இருட்டில் வைத்தால்
காலையில் கடுந்தேநீர் நிறம்.
பேர்தான் வெள்ளி.
மோதிரத்துக்கு ஆகாது.
ஒரு மயிரிழையின் குறுக்கே
ஆயிரக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும்.

நேற்று லென்ஸின் கீழ் ஒட்டுண்ணிகள்
வால் சுழற்றி நீந்தின.
இன்று உருண்டு, சுருங்கி,
சும்மா.
எண்ணும் கருவியின்மேல்
என் கட்டைவிரல் வேலையற்றுக் கிடந்தது.

குதிக்கக் கூடாது.
கண்ணாடியில் சாவது எளிது.
உடம்புக்குள் அது
தன்னை விழுங்க வந்த அணுவின் வயிற்றிலேயே
பாய் விரித்துப் படுக்கும்.
வேலி பயிரை மேய்ந்தால் வேலியைப் பிடுங்கலாம்.
களை
வேலிக்குள்ளேயே முளைத்தால்?

ஒருநாள் படியேறி வந்துவிட்டான்.
யார் சொன்னார்களோ.
"டாக்டர், அந்தத் தேநீரில் ஒரு சொட்டு."

நான் டாக்டர் இல்லை.
எலிகளில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம்.
பதினெட்டில் பதினொன்றுக்குப் புண் சுருங்கியது,
இரண்டுக்கு ஈரல் கெட்டது,
மற்றவை பற்றி எனக்கே புரியவில்லை.
இதையெல்லாம் சொல்லாமல்
"ஆண்டுகள் ஆகும்" என்றேன்,
பன்மையில்.

சிரித்தான்.
புண் இருந்த பக்கம் சிரிக்கவில்லை.
"அதற்குள் இது தானே போய்விடும், கானும்.
எனக்குக் கேட்கவில்லை.
மகளுக்கு.
மூக்கின்மேல், நேற்றிலிருந்து,
கடுகளவு."

கீழே குழந்தைகள் பிரிவு, காலை எட்டு மணி,
பணம் வேண்டாம், ஊசி வலிக்கும்
என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகுதான் பார்த்தேன்.
பேச்சுவாக்கில்
குடுவையின் ஒட்டுத்தாளில் எழுதியிருக்கிறேன்.
வெள்ளி, ஒரு மில்லிமோல்.
இருபத்தெட்டு டிகிரி. இருட்டு.
சனோபர், ஆறு வயது.

கிழித்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும்.
ஆவணம் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா.
நாளைக்கு.