நகக்கண் அளவு

மூன்றாம் எண் கூண்டு, பிறகு ஐந்து, பிறகு ஏழு.
பாம்பனில் அந்த வாரம் ஏறிய விலை அது ஒன்றுதான்.

எமரிட்டாவின் நாய்
கரையேற்றிய வத்தையோடு கட்டிக் கிடந்திருக்கிறது
மூன்று ராத்திரி.
அவிழ்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.
எல்லாருக்கும் பயம்.

நாலாம் நாள் ஐஸ்பெட்டி மூடியில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.
மீன் பேர் வைத்த நாய்: ஊளி.
மயிரெல்லாம் உப்பு பூத்து
பின்கால் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

விடிகாலையில் என் விரலைக் குத்திய அதே மிஷின்தான்.
(எனக்கு இருநூற்றுப் பதினெட்டு.
அதை இங்கே பேச வேண்டாம்.)
காதோரம் ஊசி இறங்கியபோது
ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தது.
முப்பத்தொன்பது.

டெக்ஸ்ட்ரோஸ் ஏற்ற நரம்பு அகப்படவில்லை.
சாயல்குடிக் கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து
ஈறில் தேய்த்தேன், நாக்கின் அடியில் தேய்த்தேன்.
கால்மணி கழித்து
வால் இருக்குமிடம் தெரிந்தது.

பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்:
அஞ்சிய உயிரின் ஈரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும்,
அது மூளைக்கு ஏறி
அந்த நேரத்தை நங்கூரமிடும்.
கொஞ்சம் பயம், நங்கூரம் பிடிக்கும்.
மூன்று ராத்திரி பயம்
கயிற்றையே அறுத்துக்கொண்டு போய்விடும்.
பத்து மார்க் கேள்வி. எட்டு வாங்கினேன்.

ஊளிக்கு வீடு மறந்துவிட்டது.
தெற்குவாடிச் சந்தில் எமரிட்டா கூப்பிட்டால்
வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று
ஒதுங்கி வழிவிடுகிறது.
தன் சோற்றுச் சட்டியை
பக்கத்து வீட்டுச் சட்டி மாதிரி முகர்கிறது.

என்னை மட்டும் மறக்கவில்லை.
என் வண்டிச் சத்தம் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே
காதை மடக்கிக்கொண்டு உறுமுகிறது.
குத்தியது நான்.
குத்திய சூட்டோடு இனிப்பைப் புகட்டி
அந்தக் குத்தலைக் கெட்டிப்படுத்தியதும் நான்.

எமரிட்டா சிரிக்கத்தான் பார்த்தாள்.
"உங்களையாச்சும் தெரியுதே சார்."

கூண்டு இறக்கிவிட்டார்கள்.
வத்தைகள் தண்ணீருக்குப் போய்விட்டன, கயிறு மட்டும்
மணலில் அரைவட்டமாகக் கிடக்கிறது.
ஊளி அதைச் சுற்றிக்கொண்டு போகும்,
ஒரு நாளும் தாண்டாது.

சீட்டில் எழுதிக் கொடுத்தேன்:
கருப்பட்டி, நகக்கண் அளவு.
பேரைக் கூப்பிட்ட பிறகு.
கூப்பிடுவதற்கு முன்னால் அல்ல.

எத்தனை நாளைக்கு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
எழுதாமலே கிழித்துக் கொடுத்தேன்.