டொலர் அடையாளம்

கணினிப் பரீட்சைக்குக் கணினி தரமாட்டார்கள்.
பேனையால் எழுத வேண்டும் எல்லாச் சூத்திரமும்.
‘சமன் போட மறந்தால் புள்ளி இல்லை’ என்று
பழைய வினாத்தாளின் ஓரத்தில்
யாரோ ஒரு அக்கா சிவப்பில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாள்.
அவளுக்கு எத்தனை போனதோ.

பள்ளிக்கூடத்தில் பதினொரு பெட்டி. நான்கு எரியும்.
நான்கில் ஒன்று மழை பெய்தால் எரியாது.
பொகவந்தலாவையில் அது
இல்லாததற்குச் சமன்.

சென்ற வருடக் கலண்டரின் முதுகில்
அடிமட்டம் வைத்துக் கட்டம் இழுத்தேன்.
நிரல் கீழே இறங்கும், நிரை குறுக்கே போகும்.
இரண்டு வருடமாய் மாற்றி மாற்றி எழுதினேன்,
அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே
‘இன்னைக்கு ஓரத்து நெரதான் கெடச்சிச்சி’ என்று
அம்மா யாரிடமோ சொல்லும்வரை.
நெர. நிரை.
பிறகு மாறவில்லை.

புத்தகத்தில் இருப்பது ஒரு கடையின் மாம்பழ விற்பனை.
எங்களுக்குத் தெரிந்தது லயம்.
ஏ நிரலில் பன்னிரண்டு காம்பிரா,
பி நிரலில் ஆட்கள்.
துஷாந்தினி கதவு கதவாய்ப் போய் எண்ணி வந்தாள்.
கொழும்பில் கடைகளில் நிற்பவர்களைச் சேர்க்கவில்லை.
அவர்களின் தாய்மார் கோபித்துக்கொண்டார்கள்.

சமன், எஸ் யூ எம், அடைப்பு,
பி இரண்டு, முக்காற்புள்ளி, பி பதின்மூன்று, அடைப்பு.
அறுபத்தொரு பேர்.
சராசரி ஐந்து தசம் பூச்சியம் எட்டு.
அந்தத் தசம் பூச்சியம் எட்டு யாரென்று
அரை மணி நேரம் சிரித்தோம்.
பத்தாம் காம்பிராவில் பிறக்கப்போகிற பிள்ளையாக இருக்கலாம்.

தண்ணி மோட்டார் பில் மூவாயிரத்து அறுநூற்று அறுபது.
தலைக்கு அறுபது. அதை டி ஒன்றில் வைத்தேன்.
வெள்ளிக்கிழமை, மழையில்லை.
எரிகிற பெட்டியில் பி இரண்டால் பெருக்கி
மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.
முதல் வீட்டுக்கு முந்நூறு.
மற்றப் பதினொரு வீட்டுக்கும் பூச்சியம்.
‘ஒன்னயே தலைவராப் போடலாம்’ என்றாள் துஷாந்தினி.

இழுக்க இழுக்க முகவரியும் இறங்குகிறது.
டி ஒன்று டி இரண்டாகி, டி மூன்றாகி,
ஆளில்லாத கட்டங்களில் போய்த் தட்டுகிறது.
நகரக் கூடாதென்றால்
எழுத்துக்கு முன் ஒரு டொலர்,
எண்ணுக்கு முன் ஒரு டொலர்.
அதற்குப் பெயர் தனி முகவரி.

எங்கள் அறுபத்தொரு பேருக்கும் ஒரே முகவரி:
தோட்டத்தின் பெயர், மேற்பிரிவு, தபால் கந்தோர்.
கடிதம் ஆபீஸ் லாச்சியில் கிடக்கும்.
யாருக்காவது ஞாபகம் வந்தால்
பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள்.
அண்ணனின் நேர்முகக் கடிதம்
நேர்முகம் முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது.
அவன் அதை இன்னும் கிழிக்கவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்க
டவுனுக்குப் போய் முத்திரை ஒட்டி
எனக்கே ஒரு கடிதம் போட்டேன்.
$மூன்றாம் லயம், $ஏழாம் காம்பிரா.
உள்ளே ஒரு வெறும் கட்டத்தாள்.

பதினாறு நாள் எடுத்து
அதே பெரட்டு வழியாகத்தான் வந்து சேர்ந்தது.
‘மகளுக்கு வெளிநாட்டிலயிருந்து காசு வருதா?’ என்று
கிளாக்கர் அம்மாவைக் கேட்டாராம்.
அம்மா இல்லையென்று சொல்லவில்லை.

நான்காம் வினா, கடைசிப் பகுதி.
நகல் செய்யும்போது மாறாதிருக்க வேண்டிய கலம்.
டொலரின் நடுக்கோட்டை நான் அழுத்திய அழுத்தில்
அடுத்த தாளிலும் அது விழுந்தது.

வெளியே மழை.
என் குடைக்குள் நுழைந்து
துஷாந்தினி மெதுவாகக் கேட்டாள்:
‘சமன் போட்டியா?’