மூச்சைப் பிடியுங்கள்

வினிபெக். இரவு இரண்டரை, மைனஸ் முப்பத்திரண்டு.
வெளியே நிருபன்
பார்க்கிங் மெஷினோடு மல்லுக்கட்டுகிறான்.

படிவத்தில் ஒரு கேள்வி: நீங்கள் கர்ப்பிணியா?
மேசையில் வைத்து எழுத எட்டவில்லை,
குறுக்கே முப்பத்தொரு வாரம்.

இடது கால் வீங்கி மூன்று நாள்.
படியேறினால் பாதி வாக்கியம்தான் வருகிறது.

"குழந்தைக்குப் போகும் கதிர் மிகக் கொஞ்சம்.
கட்டியைத் தவறவிட்டால்தான்..."
டாக்டர் முடிக்கவில்லை.
மீதி வாக்கியத்துக்குக்
கையெழுத்துப் போட்டேன்.

மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து தொடைவரை சூடு,
நனைத்துவிட்டேனோ என்று கூச்சம்.
"மூச்சை இழுங்கள். பிடியுங்கள்."
பிடிக்க அகப்பட்டால் இங்கே ஏன் வருகிறேன்?

அசையாதீர்கள் என்றது குரல்.
நான் அசையவில்லை.

இன்னும் ஒரு மூச்சும் இழுக்காதவள்
உள்ளே விக்கிக்கொண்டிருந்தாள்,
யார் சொல்லையும் கேட்காமல்.