ஏழாவது துளை

பனகல் ரோட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே,
காஜா நஜ்முதீன் கடை டிரம்மில்
கோல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன.
என் வலது முட்டிக்குள் உலோகம் வந்து
இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

வாக்கரை "உங்க பஸ்ஸு" என்றுதான் சொல்வாள் பஞ்சவர்ணம்.
மூன்று பக்கமும் கம்பி, பயணி நான் ஒருத்தன்.
மாத வாடகை நானூறு.
கக்கூஸ் கதவைவிட அது இரண்டு அங்குலம் அகலம்
என்பது தெரிந்தது
வீடு வந்த முதல் ராத்திரி, மூன்று மணிக்கு.
பக்கவாட்டில் திருப்பி நண்டாய் நுழைந்தேன்.
மறுநாள் அதன்மேல் ஈரத்துண்டு காய்ந்தது.
மறுவாரம் முருங்கைக்காய்ப் பை தொங்கியது.
நான் நகர்ந்தால்தான்
அடுப்படிக்குக் காய் போய்ச் சேரும்.

போன செவ்வாய் பியூலா சொன்னாள்,
முட்டியை மடக்கவைத்து என்னை அழவைக்கும் பிள்ளை:
"கம்புக்கு மாறிடலாம் சார்.
இடது கையில பிடிக்கணும்."
"வெட்டுனது வலது காலும்மா."
"அதுக்குத்தான் சார் இடது கை."

இரண்டு ராத்திரி யோசித்தேன்.
விரலுக்கொரு நோட்டாக மடித்துச் செருகி
டிக்கெட் கட்டைச் சுமந்த கை அது.
இருபத்தேழு வருஷத்தில்
கம்பியைத் தொட்டதே இல்லை.
டிரைவர் பிரேக்கை மிதித்தால்
சீட்டு விளிம்பில் முட்டியை முட்டுக்கொடுத்து நிற்பேன்.
தேய்ந்த கணக்கு இப்போதுதான் புரிகிறது.

கடையில் முதலில் கண்ணில் பட்டது
சிங்கத்தலை வைத்த தேக்குக் கோல்.
ஊன்றிப் பார்த்தேன், தோள் காதுவரை ஏறியது.
"அறுத்துக் குடுக்கலாம்ணே.
அறுத்தா அறுத்ததுதான்."
நாலுகால் கம்பு
நான் பிடிக்காவிட்டாலும் நின்றது.
நாலு எட்டு வைத்தால்
அதன் ஒரு கால் என் காலைத் தட்டிவிட்டது.
கக்கத்துக் கட்டைகளைப் பார்க்காமல் தாண்டினேன்.
ஆரப்பாளையத்தில் ஏறிய ஒருத்தரிடம்
பாஸைக் காட்டு என்றேன் ஒரு தடவை.
அடுத்த ஸ்டாப்பில் மறந்துபோய்
இன்னொரு தடவையும்.
இரண்டாம் தடவை அவர் பேசவில்லை.
கட்டையைச் சாய்த்துவிட்டு
பையைத் துழாவினார்.

நஜ்முதீன் அலுமினியக் கம்பு ஒன்றைத் தலைகீழாக்கி
அடி ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.
"மேல சிங்கம் இருந்தா என்ன, யானை இருந்தா என்ன.
கீழ இது தேயக் கூடாது."
செருப்போடு நேராக நிற்கச் சொன்னார்.
கையைச் சும்மா தொங்கவிடச் சொன்னார்.
மணிக்கட்டு ரேகை எங்கே நிற்கிறதோ
அங்கே கைப்பிடி.
குமிழை அமுக்கி, டக், டக்,
ஏழாவது துளையில் நிறுத்தினார்.
கல்யாணச் சட்டைக்கு அளவெடுத்த டெய்லருக்குப் பிறகு
என் உயரத்தை இவ்வளவு பொறுமையாக
யாரும் பார்த்ததில்லை.
எண்ணூற்றைம்பது என்றார். எழுநூற்றைம்பதுக்கு முடித்தேன்.
உதிரி ரப்பர் ஒன்று கொசுறு.

ஆட்டோவில்தான் வரவேண்டும் என்பது வீட்டு உத்தரவு.
வில்லாபுரம் வண்டி எதிரில் வந்து நின்றுவிட்டது, என்ன செய்ய.
ஏறும்போது நல்ல கால்,
இறங்கும்போது வெட்டிய கால்:
பியூலா சொன்னதை முணுமுணுத்தபடி ஏறினேன்.
இடது கையில் கம்பு, வலது கையில் கம்பி.
"கம்பியப் பிடி, கம்பியப் பிடி" என்று
என் வசனத்தையே பேசிக்கொண்டு
நெருக்கி வந்தான் சின்னப்பயல் கண்டக்டர்.
டிக்கெட்டுக்கு மூன்றாவது கை இல்லை.
"மேல்பையில இருக்கு தம்பி, எடுத்துக்க."

ஒரு நொடி தயங்கினான்.
இரண்டு விரலால் இருபதை உருவி
டிக்கெட்டையும் சில்லறையையும் உள்ளே போட்டு
பையை லேசாகத் தட்டிவிட்டுப் போனான்.

ஹவுசிங் போர்டு வளைவில் இறங்கி
பஸ் கண்மறையும்வரை பொறுத்து
சில்லறையை எண்ணினேன்.
பழக்கம்.
எண்ண இரண்டு கையும் வேண்டியிருந்தது.
சரியாக இருந்தது.
எண்ணி முடித்துத்தான் பார்த்தேன்,
கம்பு
மின்கம்பத்தில் சாய்ந்து நின்றது,
என்னைவிட்டு ஓரெட்டு தள்ளி.