சர்க்கரை இருக்கா?

சோஹாரில் ஆகஸ்டு மாதம்
அவன் வாங்குகிறவனைக் கிறுக்கன் என்றார்கள்.
வாசலைத் திறந்தாலே அடுப்புதானே.

ஆறு ரியால்.
ஒரேயடியாக ஊருக்குப் போகும் குடும்பம்
கட்டிலையும் தொட்டிலையும் விற்றுவிட்டுக்
கடைசியாக இதை விற்றது.
இடப்பக்கக் கம்பி மட்டும்தான் சிவக்கும்,
பாதியில் தட்டைத் திருப்பி வைக்கணும்.
சொல்லித்தான் கொடுத்தார்கள்.

எல்லாம் இருதயராஜுக்காக.
வெல்டர். கீழ்க்கட்டில்.
வெறும் வயிற்றில் இருநூற்று அறுபத்தெட்டு.
கம்பெனி மெடிக்கலுக்கு நாற்பது நாள்.
அவன் தலையணைக்கடியில் கிடந்த
க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டுகளை
நாங்கள் மூவரும் பறிமுதல் செய்த இரவு
அவன் பார்த்த பார்வையை
எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே ஓட்ஸ்.
ஆகவே தோல் கறுத்துப்போய்
கடைக்காரர் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட
வாழைப்பழம் நாலு.
பக்கத்து வீட்டு பலூச்சிக்காரர் முராத்
வாளியோடு நீட்டிய கலாஸ் பேரீச்சை
கொட்டை நீங்கி, வெந்நீரில் ஊறி,
கரண்டியில் ஏறிக்கொண்டு
இறங்கமாட்டேன் என்றது.
ஏலம் இரண்டு. உப்பு ஒரு சிட்டிகை.
வெள்ளையாக உள்ளே போனது அது ஒன்றுதான்.

முதல் தட்டு கேஸ்கெட்.
தரையில் விழுந்து மணி அடித்தது.
இருதயராஜ் ஒன்றைக் கடித்து, யோசித்து,
"வெல்டு பிடிக்கும்" என்றான்.

இரண்டாம் தட்டை மறக்காமல் திருப்பினேன்.
வாசனை முதலில் மேல்கட்டிலுக்குத்தான் போனது.
நைட் ஷிப்ட் முடித்து வந்து
செத்தவன்போல் தூங்கும் கமாலுதீன்
எதற்கும் இறங்காதவன், இறங்கி வந்தான்.
நடுவில் மெத்து, ஓரத்தில் மொறுமொறு,
பேரீச்சை பட்ட இடமெல்லாம் கருஞ்சிவப்பு.
சம்பளம் வந்த நாளில்கூட
அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

விடிகாலை மூன்று மணிக்கு
டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.
பழம்தானே, தின்னட்டும்
என்று புரண்டு படுத்தேன்.

காலையில் ஒன்பது குறைந்திருந்தது.
செல்லத்துரை விரலைக் குத்தினான்.
முந்நூற்று நாலு.

"பழம்தானேன்னு சொன்ன?"
"பழம்தான்."
"பெறகு?"

பெறகு என்ன.
மரத்திலிருந்து வந்தாலும்
மூட்டையிலிருந்து வந்தாலும்
ஒன்பது ஒன்பதுதான்.

இப்போது நாளுக்கு ஒன்று.
டப்பாவுக்குப் பூட்டு. சாவி
கமாலுதீனின் சட்டைப்பையில்
இரவெல்லாம் துறைமுகத்தில் சுற்றுகிறது.
பேரீச்சையைப் பாதியாகக் குறைத்தேன்,
பூசணி விதை கொஞ்சம் சேர்த்தேன்,
மெல்ல நேரமாகட்டும் என்று.
ஆகிறது. ஒன்றைப் பதினேழு நிமிஷம் தின்கிறான்.
கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.
கடைசித் துணுக்கை நாக்கில் வைத்துக்கொண்டு
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்,
அப்போது யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை.

வெள்ளிக்கிழமை வீடியோவில் மகள்.
தட்டைத் தூக்கிக் காட்டுகிறான்
தானே சுட்டதுபோல.

"அப்பா, அதுல சர்க்கரை இருக்கா?"
"இல்லடா. துளிகூட இல்ல."
"உங்களுக்கு?"

தட்டை மெல்லத் திருப்புகிறான்,
இந்தப் பக்கமும் பாரு,
எப்படிச் செவந்திருக்கு என்று.